மணி அடிக்கிறது, வாசலில் யாரும் இல்லை!



வகுப்பில் உட்காரும்போது பெஞ்சின் விளிம்பில் முழங்கையை இடித்துக்கொண்டதுண்டா? இடி விழுந்த இடம் முழங்கை. ஆனால் 'ஷாக்' அடித்ததுபோல் சுரீரென்று ஓடுவது எங்கே? சுண்டுவிரலுக்கு! சுண்டுவிரலை யாரும் தொடவில்லை. அதில் கீறல் இல்லை, வீக்கம் இல்லை. ஆனாலும் "சுண்டுவிரலில் ஏதோ நேர்ந்துவிட்டது" என்றே மூளை நினைக்கிறது.

காரணம் எளிது. சுண்டுவிரலிலிருந்து வரும் நரம்பு முழங்கை எலும்பை ஒட்டி, தோலுக்குச் சற்றுக் கீழேயே செல்கிறது. அந்த வழியாக இதுவரை வந்த செய்திகள் எல்லாம் சுண்டுவிரலும் அதன் அண்டையும் அனுப்பியவை. ஆகவே வழியில் நரம்பை யார் தட்டினாலும், செய்தி விரலிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது.

முழங்கையின் வலி ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அது அடங்காமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடித்தால்? அதுதான் நரம்பு வலி. அதற்கு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் நரம்பு என்பது மின்சாரம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா? அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நல்லூர் அத்தை

திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் சாலையில் நல்லூரில் என் அத்தை இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பிரிவில் நின்றுகொண்டே வேலை செய்தவர். சர்க்கரை நோய் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இரவு நேரங்களில் பாதங்கள் எரியத் தொடங்கின. "மொளகா அரைச்சு அப்புன மாதிரி இருக்குது கண்ணு" என்பார். ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். போர்வை நுனி பட்டால்கூடத் தாங்காது. ஆனால் வேடிக்கை பாருங்கள்: அதே காலில் செருப்பு கழன்று போனால் அவருக்குத் தெரியாது!

கடையில் கேட்டு வாங்கிய சாதாரண வலி மாத்திரைகள் பயன் தரவில்லை. பிறகு மருத்துவர் பிரிகாபலின் என்ற மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி, மெல்லக் கூட்டினார். இரண்டு மாதத்தில் எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. அத்தை தூங்கினார்.

அப்போதுதான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன் மாத்திரை அட்டையில் இருந்த பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தான். "அம்மாயி, இது வலிப்புக்குக் குடுக்கற மாத்திரை!" என்றான். அவன் படித்தது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அத்தை பயந்துவிட்டார். "எனக்கென்ன வலிப்பா வருது?" என்று அன்றிரவே மாத்திரையை நிறுத்தினார். அடுத்த இரண்டு நாளும் தூக்கமில்லை. வியர்த்துக் கொட்டியது. படபடப்பு, தலைவலி, குமட்டல். பழைய எரிச்சலும் திரும்பிவிட்டது. மீண்டும் மருத்துவரிடம் அழைத்துப் போய்த்தான் நிலைமை சீரானது.

இன்று பல வீடுகளில் மாத்திரை அட்டையின் ஆங்கில எழுத்தைப் படித்துச் சொல்வது உங்களைப் போன்ற மாணவர்கள்தாம். ஆகவே, அந்தப் பேரன் படிக்க வேண்டியிருந்த மீதிப் பக்கத்தை உங்களுக்காக எழுதுகிறேன்.

வலி நமக்கு வேண்டுமா?

"வலியே இல்லாத உடம்பு கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்று தோன்றுகிறதா? அப்படிப்பட்டவர்களை நம் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்த ஒருவர் உண்டு. டாக்டர் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்ற கேள்வி அவரை உலுக்கியது. நோய்க்கிருமி விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே அன்று பலரும் எண்ணினர்.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவர் முயன்றார். சாவி அசையவில்லை. பக்கத்தில் இருந்த தொழுநோயாளிச் சிறுவன் ஒருவன் வாங்கித் திருகினான். பூட்டுத் திறந்துகொண்டது! 'இந்தச் சிறு கைக்கு இவ்வளவு வலுவா?' என்று அவர் வியந்து பார்த்தபோது, சிறுவனின் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. சாவி சதையை எலும்பு வரை கிழித்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. நமக்கென்றால் வலி "போதும், நிறுத்து" என்று சொல்லியிருக்கும். அவனிடம் அப்படிச் சொல்ல ஆளில்லை.

தொழுநோய் நரம்பைக் கெடுக்கிறது, வலியுணர்வு போய்விடுகிறது, பிறகு சூடு, வெட்டு, உராய்வு, தூங்கும்போது எலிக்கடி என்று அன்றாடக் காயங்களே விரல்களை அழிக்கின்றன. பிராண்டும் அவருடைய குழுவினரும் கண்டு நிறுவிய உண்மை இது. எனவே வலி ஒரு காவலன். அழைப்பு மணி என்றும் சொல்லலாம். வாசலில் ஆபத்து நின்றால் மணி அடிக்கிறது.

ஆனால் மழைக்காலத்தில் சில வீடுகளில் என்ன நடக்கிறது? சுவரில் ஈரம் இறங்கி, கம்பிகள் ஒன்றோடொன்று பட்டு, மணி தானாக அடிக்கும். கதவைத் திறந்தால் யாரும் இல்லை! நல்லூர் அத்தையின் காலில் நடப்பது இதுதான். காயம் இல்லை, காயத்தின் செய்தியைக் கொண்டுவரும் கம்பியில் கோளாறு. மணியோசை மட்டும் உண்மை. அதாவது, வலி கற்பனை அன்று, முற்றிலும் உண்மை. செய்திதான் தவறு.

நரம்பு எப்படிப்பட்ட கம்பி?

இங்கே ஒரு எச்சரிக்கை. நரம்பு, செம்புக் கம்பி போன்றதன்று. கம்பியில் மின் குறிப்பு ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும். தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழையில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 50 மீட்டர். எரியும் வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளிலோ விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். நாம் நடக்கும் வேகம்! கால் விரலைக் கல்லில் இடித்துக்கொண்டால், இடித்தது உடனே தெரிகிறது. 'கடுகடு' என்ற வலி ஒரு விநாடி கழித்து வருகிறது. இனி இடித்துக்கொள்ளும்போது கவனித்துப் பாருங்கள்.

நரம்புச் செல்லின் மென்படலத்துக்கு உள்ளே, வெளியே இருப்பதைவிட 70 மில்லிவோல்ட் அளவு மின்னழுத்தம் குறைவு. 'இவ்வளவுதானா?' என்று எண்ணாதீர்கள். அந்தப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஏழு பங்கு! மின்னழுத்தத்தைத் தடிமனால் வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். உலர்ந்த காற்றில் தீப்பொறி பறக்கவே மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். நம் ஒவ்வொரு நரம்பும் அவ்வளவு விறைப்பாகக் காத்திருக்கிறது.

படலத்தில் சின்னஞ்சிறு கதவுகள் உள்ளன. ஒரு வகைக் கதவு சோடியம் அயனிகளை மட்டும் விடும். இன்னொரு வகை கால்சியம் அயனிகளை விடும். சூடோ குத்தலோ பட்டால் சோடியம் கதவுகள் திறக்கின்றன. அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த மாற்றம் பக்கத்துக் கதவுகளைத் திறக்கிறது. தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கி ஒரு முனையில் பற்றவைத்ததுபோல் செய்தி நகர்கிறது. இதைக் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அளந்து 1952-இல் சமன்பாடுகளாக எழுதிய ஹாட்ச்கின், ஹக்ஸ்லி இருவருக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அத்தை சொன்ன 'மிளகாய்' உவமையிலும் அறிவியல் இருக்கிறது. நரம்பு முனைகளில் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டுக்குத் திறக்கும் ஒரு கதவு உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் அதே கதவைத் திறக்கிறது. 1997-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்ட டேவிட் ஜூலியசுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சூடு, மிளகாய், நரம்பு வலி மூன்றும் 'எரிகிறது' என்ற ஒரே சொல்லால் சொல்லப்படுவது தற்செயல் அன்று!

நெய்யாத காலுறை

சர்க்கரை நோய் ஏன் முதலில் பாதத்தைத் தாக்குகிறது? பாதத்திலிருந்து வரும் நரம்பிழையின் உயிர்மையம் பாதத்தில் இல்லை. இடுப்புக்கு அருகே தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கால் விரல் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே செல்லின் இழை ஓடுகிறது. நுனிக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் இழைக்குள்ளேயே இடுப்பிலிருந்து பயணம் செய்து வரவேண்டும். விரைவாகச் செல்பவை நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை செல்லும். மெதுவாகச் செல்பவை நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர்தான். அவை நுனியை அடைய மாதங்கள் ஆகும்.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்பும் பாதிக்கப்படுகிறது, நரம்புக்கு உணவு தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. நீர் குறைந்த வாய்க்காலில் முதலில் காய்வது கடைமடை வயல் அல்லவா? அதுபோல் நீளமான நரம்பின் கடைக்கோடியான கால் விரல்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. பிறகு பாதம், கணுக்கால் என்று மேலேறுகிறது. காலில் உறை மாட்டியதுபோல் எல்லை அமைவதால், மருத்துவர்கள் இதைக் 'காலுறை வடிவம்' என்றே அழைக்கிறார்கள். பின்னலாடைக்குப் பெயர்போன ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம்!

இது ஏதோ சிலருக்கு வரும் நோய் என்று எண்ணவேண்டாம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் அறிவித்தது. அவர்களில் பலருக்கு நரம்புப் பாதிப்பும் உண்டு. சர்க்கரை நோய் மட்டுமல்ல. அக்கி வந்து ஆறிய பின் தங்கும் வலி, முகத்தில் மின்னலாய் வெட்டும் வலி, முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குவதால் காலில் இறங்கும் வலி எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

பாதிக்கப்பட்ட இழையில் சோடியம் கதவுகள் இருக்கக்கூடாத இடங்களில் குவிகின்றன. தூண்டுதல் இல்லாமலே அவை திறந்து மூடுகின்றன. மணி தானாக அடிக்கிறது! நாள்தோறும் இந்த ஓசையைக் கேட்டுக் கேட்டுத் தண்டுவடமும் மாறிவிடுகிறது. ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டி வைத்ததுபோல் மெல்லிய தொடுகையையும் வலியாக்கி மேலே அனுப்புகிறது. போர்வை நுனி வலித்தது இதனால்தான். அதே வேளையில் செத்துப்போன இழைகளிலிருந்து செய்தியே வருவதில்லை. அதனால்தான் எரிச்சலும் மரப்பும் ஒரே காலில்!

மாத்திரை எங்கே வேலை செய்கிறது?

சாதாரண வலி மாத்திரைகளான இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை காயம்பட்ட இடத்தில் உண்டாகும் வலி வேதிப்பொருள்களைக் குறைப்பவை. காயமே இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? வாசலில் ஆளே இல்லாதபோது வாசலுக்குக் காவல் போடுவதுபோல்தான். பயனின்றிப் பல நாள் விழுங்கினால் சிறுநீரகமும் கெடலாம்.

நரம்பு வலிக்கான மருந்துகள் செய்தி செல்லும் வழியைக் குறிவைக்கின்றன. வழியில் மூன்று இடங்கள் உள்ளன.

முதலாவது, இழையே. கார்பமசிபின் என்ற மருந்து சோடியம் கதவுகள் ஓயாமல் திறப்பதைத் தடுக்கிறது. முகத்தில் வெட்டும் வலிக்கு 1960-களிலிருந்து கொடுக்கப்பட்டு வருகிறது.

இரண்டாவது, தண்டுவடத்தில் ஒரு நரம்பு இன்னொன்றிடம் செய்தியை ஒப்படைக்கும் சந்திப்பு. அங்கே கால்சியம் உள்ளே பாய்ந்தால்தான் செய்திப் பொருள் வெளிவரும். காபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் கால்சியம் கதவின் ஓர் உறுப்பைப் பற்றிக்கொண்டு, அந்தப் பாய்ச்சலைக் குறைக்கின்றன. மணி அடித்தாலும் ஓசை தணிகிறது.

மூன்றாவது, மூளையிலிருந்து கீழே வரும் கட்டுப்பாடு. முழங்கை இடித்தால் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்க்கும்போது தொடு நரம்புகள் தண்டுவடத்தில் உள்ள ஒரு 'மடை'யை ஓரளவு மூடி வலியைக் குறைக்கின்றன. இந்த மடைக் கொள்கையை மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் வெளியிட்டார்கள். மடையை மேலிருந்து மூளையும் மூட முடியும். அமிட்ரிப்டிலின், டுலோக்சிடின் போன்ற மருந்துகள் அந்தக் கட்டளையைக் கொண்டுவரும் வேதிப்பொருள்களை நீடிக்கச் செய்கின்றன.

இப்போது பேரனின் சந்தேகத்துக்கு வருவோம். வலிப்பு என்பது மூளையில் நரம்புகள் கட்டுமீறி மின் குறிப்புகளை வீசுவது. நரம்பு வலி என்பது காலிலும் தண்டுவடத்திலும் நரம்புகள் கட்டுமீறுவது. இடம் வேறு; கோளாறு ஒரே இனம். ஆகவே ஒரே மருந்து இரண்டுக்கும் உதவுவதில் வியப்பென்ன? அமிட்ரிப்டிலினைத் தேடினால் "மனச்சோர்வு மருந்து" என்று வரும். நரம்பு வலிக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். "உனக்கு மனநோய்" என்று மருத்துவர் சொல்லவில்லை. "மடையை மூடு" என்றுதான் சொல்கிறார்.

ஊகம் தவறியது, மருந்து பலித்தது

பிரிகாபலின் பிறந்த கதை சுவையானது. மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற பொருள் உண்டு. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியலர் ரிச்சர்டு சில்வர்மனும் அவருடன் பணியாற்றிய போலந்து நாட்டு அந்துருஷ்கேவிச்சும், காபாவைக் கூட்டிக் கொடுக்கும் மூலக்கூறுகளைத் தேடினார்கள். அப்படி 1989-இல் செய்யப்பட்டவற்றுள் ஒன்றுதான் இது. வலிப்பைத் தடுப்பதில் அது சிறந்து விளங்கியது. ஆனால் பின்னர் ஆராய்ந்தபோது, அது காபாவின் வழியாக வேலை செய்யவே இல்லை. கால்சியம் கதவில் போய் அமர்ந்துகொள்கிறது என்று தெரிந்தது! 2004-இன் இறுதியில் அமெரிக்காவில் நரம்பு வலிக்கு அனுமதி பெற்றது. விஞ்ஞானத்தில் ஊகம் தவறலாம், சோதனை தவறக்கூடாது.

ஆறு மணிக்கொருமுறை பாதி

அத்தை மாத்திரையை நிறுத்தியதும் ஏன் அவ்வளவு தொல்லை? கதிரியக்கப் பாடத்தில் 'அரை ஆயுள்' படிக்கிறீர்கள் அல்லவா? மருந்துக்கும் அரை ஆயுள் உண்டு. பிரிகாபலினுக்கு அது ஏறத்தாழ 6 மணி நேரம். இரவு 9 மணிக்கு உடலில் 75 மில்லிகிராம் இருந்தால், விடியற்காலை 3 மணிக்குச் சுமார் 37. காலை 9 மணிக்கு 19. பிற்பகல் 3 மணிக்கு 9. மறுநாள் இரவு 9 மணிக்கு 5-க்கும் குறைவு. ஒரே நாளில் பதினாறில் ஒரு பங்காகிவிட்டது!

மருந்து இவ்வளவு வேகமாக வெளியேறுகிறது. ஆனால் இரண்டு மாதமாக அதற்குப் பழகிவிட்ட நரம்புகள் ஒரே நாளில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கயிறு இழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கத்தார் சட்டென்று கயிற்றை விட்டால் இந்தப் பக்கத்தார் என்ன ஆவார்கள்? மல்லாந்து விழுவார்கள்! தூக்கமின்மை, வியர்வை, படபடப்பு எல்லாம் அந்த வீழ்ச்சிதான். வலிப்பு நோய் உள்ளவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். ஆகவே நிறுத்த வேண்டுமென்றாலும், மருத்துவர் சொல்லும் கணக்கில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. இந்த மருந்து பெரும்பாலும் மாறாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகத்தின் வேகம் பாதியானால் அரை ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும். அதே அளவை விழுங்கினால் மருந்து உடலில் தேங்கிவிடும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் சிறுநீரகமும் பாதிக்கப்படக் கூடும் என்பதால்தான் மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஏற்ற அளவு உங்கள் பாட்டிக்கு ஏற்றதாகாது.

எல்லாருக்கும் கேட்குமா?

கேட்காது. இதை ஒளிக்காமல் சொல்வதுதான் நேர்மை. உலகெங்கும் நடந்த பல சோதனைகளைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வலி ஏறத்தாழ பாதியாகக் குறைவதை வெற்றி என்று வைத்துக்கொள்வோம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேலாக ஒருவர் வெற்றி பெற, பிரிகாபலினை ஏறத்தாழ 8 பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அமிட்ரிப்டிலின் இனத்து மருந்துகளை ஏறத்தாழ 4 பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே முதல் மருந்து கேட்கவில்லை என்றால் நோயாளி பொய் சொல்கிறார் என்றோ, மருத்துவருக்குத் தெரியவில்லை என்றோ பொருளில்லை. சில வாரங்கள் பொறுத்துப் பார்த்து, அளவை மாற்றி, பிறகு மருந்தை மாற்றுவதே முறை.

தீமைகளும் உண்டு. பிரிகாபலினால் தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம், எடை கூடுதல் வரலாம். முதியவர் இரவில் எழுந்தால் விழ நேரிடும். விளக்கைப் போட்டு, ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலினால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும். இதயக் கோளாறு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். கார்பமசிபின் தொடங்கியபின் தோலில் தடிப்போ கொப்புளமோ வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இம்மருந்துகளுடன் மது சேர்ந்தால் ஆபத்து. புதிதாகத் தொடங்கியவர் தலை தெளிவாக இருக்கிறதா என்று அறியுமுன் இருசக்கர வண்டி ஓட்டக் கூடாது. ஓவர்லாக் மெஷினிலோ கட்டிங் மெஷினிலோ உட்காரவும் கூடாது.

பிரிகாபலினைப் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. அது மூச்சையே அடக்கிவிடக் கூடும். சீட்டு மருந்து என்று அட்டையில் அச்சிட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

'நரம்புச் சத்து' மாத்திரை பற்றியும் ஒரு சொல். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் உண்பவர்களில் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும். அந்தக் குறையே நரம்பைக் கெடுக்கும். அதைச் சோதித்துச் சரிசெய்ய வேண்டும். ஆனால் பி6 வைட்டமினை அளவுக்கு மீறி நெடுநாள் உண்டால் அதுவே நரம்பைக் கெடுத்துவிடும்! சத்தானாலும் அளவு உண்டு.

செய்து பாருங்கள்

மரத்துப்போன பாதத்தை மருத்துவர் எப்படிச் சோதிக்கிறார் தெரியுமா? இரண்டு கருவிகளும் இயற்பியல்தான். ஒன்று, 128 ஹெர்ட்சு இசைக்கவை. அதிரும் கவையைக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். மற்றொன்று, ஒரு நைலான் இழை. அதைத் தோலில் செங்குத்தாக அழுத்தினால் 10 கிராம் எடைக்குச் சமமான விசையில் வளைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வளைவு கூடுமே தவிர விசை அதிகம் கூடாது. யார் கையில் கொடுத்தாலும் ஒரே விசை! அந்த அழுத்தம் தெரியாத பாதம், ஆபத்தான பாதம்.

தடித்த தூண்டில் நைலான் இழையில் 4 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பென்சிலில் ஒட்டி, மறுமுனையை மின்னணுத் தராசின் தட்டில் செங்குத்தாக அழுத்துங்கள். அளவு ஏறிக்கொண்டே போய், இழை வளைந்ததும் ஏறத்தாழ நின்றுவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் இழையைப் பாதியாக்கி மீண்டும் பாருங்கள். விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஏன் நான்கு? பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் தந்த விடை அது: வளைக்கும் விசை நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். இது கற்பதற்கான சோதனை மட்டுமே. இதை வைத்துக்கொண்டு வீட்டில் நோய் கணிக்க வேண்டாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மாத்திரை மணியோசையைத்தான் தணிக்கிறது, கம்பியைப் பழுதுபார்ப்பதில்லை. மேலும் பழுதாகாமல் காப்பது சர்க்கரைக் கட்டுப்பாடு. வலி குறைந்த காலும் மரத்த கால்தான் என்பதை மறக்கலாகாது. பிராண்டு பார்த்த சிறுவனின் விரலைப்போல அதற்கும் காவலன் இல்லை. ஆகவே தினமும் ஒருவர் அந்தப் பாதத்தைப் பார்க்க வேண்டும். முதியவருக்குக் குனிய முடியாது, கண்ணும் மங்கல். உங்களுக்கு இரண்டும் உண்டே! உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் மூன்றையும் பாருங்கள். கொப்புளமோ வெட்டோ சிவப்போ தெரிந்தால் சொல்லுங்கள். வெறுங்காலோடு வெயில் தரையில் நடக்க விடாதீர்கள். செருப்புக்குள் கல் கிடக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். தொழுநோயாளிகளுக்காக வேலூர்ப் பகுதியில் பயன்படுத்திப் பரவிய மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் காக்கிறது.

மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்லுங்கள், தேடியும் பாருங்கள். அறிய விரும்புவது நல்லது. ஆனால் தேடிக் கண்டதைத் தீர்ப்பாகச் சொல்லாமல், கேள்வியாக ஒரு தாளில் எழுதுங்கள்: "இது வலிப்பு மாத்திரை என்று போட்டிருக்கிறதே, பாட்டிக்கு ஏன்?" அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளும் போகட்டும்.

நல்லூரில் இப்போது பேரன்தான் அத்தையின் மாத்திரைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறான். தீர்ந்துபோவதற்கு ஐந்து நாள் முன்பே அட்டையை எண்ணிச் சொல்லிவிடுகிறான். இரவில் ஒரு முறை கை விளக்கைப் பிடித்துப் பாட்டியின் பாதத்தையும் பார்க்கிறான். எரிச்சல் அடியோடு போய்விடவில்லை. "ஆனாத் தூங்கறேன் கண்ணு" என்கிறார் அத்தை.